கடனுக்கு நிலம்: 1805 சாக்டா ஒப்பந்தம் நியாயமான வசூல்தானா?

தாழம்பூ:
1805 நவம்பர் 16, மவுண்ட் டெக்ஸ்டர். இன்றைய மிசிசிப்பி மாநிலத்தின் தென்பகுதியில் சுமார் 40 லட்சம் ஏக்கரை சாக்டா பழங்குடியினர் அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பேசிய தொகை 50,500 டாலர். அதில் 48,000 டாலர் அவர்கள் வியாபாரிகளுக்கு வைத்திருந்த பாக்கிக்கே போய்விட்டது. பெரும்பங்கு, புளோரிடாவின் பென்சகோலா துறைமுகத்தில் இருந்த பான்டன் லெஸ்லி கம்பெனியின் பழைய கணக்கு. இதைக் கடன் வசூல் என்று எழுதுகிறார்கள். எனக்கு இது நிலப்பறிப்பு.

பேரேடு:
சரி, சரக்கு வாங்கியது உண்மையா இல்லையா? துப்பாக்கி, வெடிமருந்து, கம்பளி, பித்தளைப் பாத்திரம், ரம் எல்லாம் வேட்டைக்கு முன்பே கடனாகப் போகும். வேட்டை முடிந்ததும் மான்தோலாகத் திரும்ப வர வேண்டும். மான் குறைந்தது, தோல் வரவில்லை, பாக்கி நின்றது. குதிரை முதுகில் காடு கடந்து சரக்கு அனுப்பியவனுக்கும் மேலே கடன்காரர்கள் உண்டு. நோட்டீஸ் விட கோர்ட் இல்லை, ஜப்தி செய்ய ஷெரிப் இல்லை. அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

தாழம்பூ:
அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1803 பிப்ரவரி 27 அன்று இந்தியானா பிரதேச ஆளுநர் ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்திருக்கிறீர்களா? வியாபார நிலையங்களைப் பெருக்குவோம், செல்வாக்குள்ளவர்கள் கடனில் விழட்டும், கட்ட முடியாத அளவுக்குப் போனால் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க அவர்களே முன்வருவார்கள் என்கிறார். கடன் கொடுத்தவன் பணம் திரும்பாதோ என்று பயப்படுவான். இங்கே திரும்பாமல் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள்!

பேரேடு:
அந்தக் கடிதம் அரசின் நிலையங்களைப் பற்றியது. அவை 1796 முதல் நடந்தன, லாபத்தைப் பெரிதாகப் பார்க்காமல் விற்றன. சாக்டாக்களின் பாக்கி தனியார் கம்பெனிக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

கூழாங்கல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பேரேடு அண்ணன் சொல்லும் வித்தியாசம் சரிதான். 1773லேயே ஜார்ஜியாவில் கிரீக், செரோக்கி பழங்குடி மக்களிடம், அவர்கள் வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கிக்காக 20 லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். ஜெபர்சனுக்கு முன்பே இருந்த வழக்கம். ஆனால் வாங்கியது யார், கொடுத்தது யார்? துப்பாக்கி வாங்கியவன் தனி வேட்டைக்காரன். போனது மொத்த இனத்தின் காடு. அதே ஒப்பந்தத்தில் மூன்று பெரிய தலைவர்களுக்குத் தலைக்கு 500 டாலர், பதவியில் இருக்கும்வரை வருடம் 150 டாலர். இதற்கு என்ன பெயர்?

பேரேடு:
அந்த 500 டாலர் எனக்கும் உறுத்துகிறது, மறுக்கவில்லை. இனத்துக்கு வருடம் 3,000 டாலர் சரக்கும் எழுதியிருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடனே பொய் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாழம்பூ:
கடன் பொய் என்று நான் எங்கே சொன்னேன்? விலையைக் கேட்கிறேன். அந்த வருடச் சரக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஏக்கருக்கு ஒன்றேகால் சென்ட். அதே காலத்தில் அரசு தன் நிலத்தை ஏக்கர் 2 டாலருக்குக் குறைந்து விற்காது. அப்புறம் இன்னொன்று. ஜெபர்சன் கேட்டது மிசிசிப்பி ஆற்றோர நிலம், கிடைத்தது வேறு இடம். அதனால் ஒப்பந்தத்தை 1808 வரை ஒப்புதலுக்காக செனட்டுக்கு அனுப்பாமலே வைத்திருந்தார். கடனை அடைப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டு வருடம் எதற்காகக் கிடப்பில் போட வேண்டும்?