வடக்குத் தெரு சொந்தங்கள்

காலை 11.04

பார்வதி: சண்முகம், கார்த்தி வீட்டில் ஒன்று போய்விட்டது. எழுந்து வந்து பார்க்கிறேன், மல்லாந்து கிடக்கிறது. திவ்யா இன்னும் எழவில்லை. எழுப்பிச் சொல்லவா?

சண்முகம்: என்னக்கா சொல்கிறாய்? யார்?

கோமதி: ஐயோ, பிள்ளைக்கு என்ன?

கோமதி: அக்கா போனை எடு

செல்வம்: ஆழ்ந்த இரங்கல் 🙏🙏

ராஜி: யாருக்குச் சித்தப்பா?

செல்வம்: தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று போட்டேன்.

பார்வதி: பிள்ளை நன்றாகத் தூங்குகிறான். நான் சொன்னது கார்த்தி வளர்க்கிற சிலந்தியை. நாலு டப்பாவில் மூன்றாவது.

சண்முகம்: அக்கா, முருகன்குறிச்சியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேர்த்துப்போய் நிற்கிறேன்.

மீனா: எட்டுக்கால் பூச்சிக்கா அப்பா 😂

கார்த்தி: அம்மா தொடாதே!! மூடியையும் திறக்காதே.

கார்த்தி: அது சாகவில்லை, தோல் உரிக்கிறது. இந்த மாதிரி முடியுள்ள பெரிய சிலந்தி, டரான்டுலா, மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் அதற்குத்தான். சாகப்போவது இப்படிப் படுக்காது, நிமிர்ந்தபடியே கால்களை அடியில் மடக்கிக்கொண்டு முடங்கும். மூன்று வாரமாகத் தின்னவில்லை, பின்பக்கம் கறுத்து மினுமினுவென்று இருந்தது, அப்போதே எதிர்பார்த்தேன். முதலில் முதுகு ஓடு மூடி மாதிரி கழன்று வரும். அப்புறம் எட்டுக் காலையும் பழைய தோலிலிருந்து உருவிக்கொண்டு வரும், ஈரச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி. இந்த நேரத்தில் யாராவது நிமிர்த்தி வைத்தால் கால் மாட்டிக்கொள்ளும், உயிரே போனாலும் போகும். நான் எடின்பரோவில் இருக்கிறேன், இரவுதான் லீட்ஸ் வருவேன். தயவுசெய்து அப்படியே விடு.

செல்வம்: 👍

பார்வதி: பல் குத்தும் குச்சியால் நிமிர்த்திவிடலாம் என்று கையில் எடுத்தேன். நல்ல வேளை.

பார்வதி: பட்டினி கிடக்கிறதே என்று நேற்று ஒரு பருக்கை சோறு போட்டேன். அதனால் இல்லையே?

கார்த்தி: சோறா???

ராஜி: மாமாவுக்கு அக்கா என்பதைக் காட்டிவிட்டாய் அம்மா

ராஜி: 1999 மீன் தொட்டி ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது

சண்முகம்: அது தண்ணீர்க் கோளாறு. எத்தனை தடவை சொல்வது.

கோமதி: ஒரு பாக்கெட் தீனியை ஒரே நாளில் கொட்டினால் தண்ணீர் கோளாறாகத்தான் ஆகும்

கார்த்தி: அம்மா, சோற்றில் பூஞ்சை பிடிக்கும். நான் வந்து எடுக்கிறேன். அது பூச்சி மட்டும்தான் தின்னும். இந்த அளவுக்கு மாவுப்புழுவில் ஒரு துண்டு, இல்லையென்றால் கிரிக்கெட்டில் ஒரு கால் போதும். பத்து நாளுக்கு ஒரு தடவை வைப்பேன். தோல் உரித்த பிறகு ஒரு வாரம் எதுவுமே கூடாது, பல்லே இறுகியிருக்காது. உயிருள்ள பூச்சியைப் போட்டால் அது இதைக் கடித்துவிடும்.

செல்வம்: கிரிக்கெட்டுக்கு ஏது கால்?

ராஜி: சுவர்க்கோழி சித்தப்பா

செல்வம்: ஓ. மாதாமாதம் கிரிக்கெட் வாங்குகிறான் என்று மதினி சொன்னார்கள். நான் மட்டை என்று நினைத்தேன்.

ராஜி: இரண்டரை வருடமாகிறது, இன்னும் மாத்திரை டப்பாவில்தானே இருக்கிறது. இது வளருமா வளராதா?

கார்த்தி: வளர்கிறது. மெக்சிகோவின் சிவப்பு முட்டி வகை, மெதுவாகத்தான் வரும். வாங்கும்போது உடம்பு உளுந்தம்பருப்பு அளவு. இப்போது காலை விரித்தால் பத்து ரூபாய்க் காசை மூடும். பெண்ணாக இருந்தால் முழுதாக வளர ஏழெட்டு வருடம், அப்புறம் மொத்தம் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும். சிலர் சூடு வைத்து, தீனியைத் திணித்துச் சீக்கிரம் வளர்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வயிறு உருண்டுவிட்டால் சும்மா ஒரு முழம் உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடும்.

கோமதி: இருபது வருடமா. திவ்யாவிடம் சொல்லித்தான் வாங்கினாயா?

திவ்யா: இப்போதுதான் எழுந்தேன் சித்தி. இப்போதுதான் தெரியும்.

கார்த்தி: சொன்னேன் திவ்யா

திவ்யா: மூன்று வருடம் என்றாய்

கார்த்தி: ஆணாக இருந்தால் என்றேன்

மதியம் 12.02

சண்முகம்: கார்த்தி, இதெல்லாம் இருக்கட்டும். ஆவணிக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே நீ இங்கே இருக்க வேண்டும்.

கார்த்தி: அதைத்தான் பேச நினைத்தேன் மாமா. அம்மாவும் எங்களோடு கிளம்பிவிடுவாள். இந்த நாலையும் யாரிடம் விடுவது? தீனி இல்லாமல் தாங்கும். வாரம் ஒரு தடவை மண்ணில் ஒரு மூலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும், குட்டிகள் சீக்கிரம் காய்ந்துபோகும். பத்து நாள் என்றால் சமாளிக்கலாம்.

மீனா: அத்தான், என் கல்யாணத்தைவிட எட்டுக்கால் பெரிதா?

கோமதி: இது அன்றைக்கே தெரிந்திருந்தால் மீனாவே வேண்டாம் என்றிருப்பாள். ஜாதகத்தின் மேல் பழி போட்டிருக்க வேண்டாம்.

பார்வதி: கோமதி.

சண்முகம்: பழைய கதை எதற்கு இப்போது

கோமதி: சும்மா சொன்னேன்

செல்வம்: கையோடு கொண்டுவரலாமே. சின்ன டப்பாதானே.

கார்த்தி: முடியாது சித்தப்பா. இந்த இனம் சைட்டிஸ் பட்டியலில், அதாவது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தில் இருக்கிறது, காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. நம் நாட்டு டரான்டுலாக்களில் மரத்தில் வாழும் ஒரு வகைக்கும் 2019இல் அதே கட்டுப்பாடு வந்தது. அதில் ஒன்று அப்பட்டமான நீலம். முதலில் 1899இல் ஆந்திராவில் குத்தி ரயில்வே மரக்கிடங்கில்தான் கிடைத்தது. எங்கிருந்தோ ரயிலில் ஏறி வந்திருக்க வேண்டும். அப்புறம் நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை, 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே காட்டில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

செல்வம்: குத்தியா! டீசல் ஷெட் அங்கேதான். நான் 1991இல் ஆறு மாதம் இருந்தேன். வெயில் என்றால் வெயில். கேண்டீனில் கோங்கூரா துவையல் போடுவார்கள், அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கோமதி: ஆரம்பித்துவிட்டார்

செல்வம்: சண்முகம், ரயில் என்றதும் ஞாபகம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு டிக்கெட் யார் எடுப்பது? அப்புறம் வடக்குத் தெரு வீட்டு வரி ரசீது யாரிடம் இருக்கிறது?

சண்முகம்: ரசீது பீரோவில். பீரோ சாவி உங்கள் வீட்டில்.

கோமதி: சாவியைப் போன தைக்கே கொடுத்தாயிற்று

சண்முகம்: யாரிடம்?

மதியம் 12.21

பார்வதி: கார்த்தி, குட்டி போட்டுவிட்டது! டப்பாவில் இரண்டு இருக்கிறது.

பார்வதி: இரண்டுக்கும் எட்டுக் கால், இரண்டுக்கும் முடி. ஒன்றுக்குப் பல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, அரிசி முனை மாதிரி. இன்னொன்று அசையவே இல்லை.

கார்த்தி: அசையாதது தோல் அம்மா!! தூக்கிப் போட்டுவிடாதே. பத்திரமாக வேண்டும், உள்பக்கம் விரித்து லென்ஸில் பார்த்தால் ஆணா பெண்ணா தெரியலாம். ஆனால் இப்போது எடுக்காதே. நாளைக்கு நானே எடுக்கிறேன்.

திவ்யா: எனக்கு முதலில் சொல்

சண்முகம்: பெண்ணாக இருந்தால் பேரன் கல்யாணத்துக்கும் வரும் போல

கோமதி: முதலில் மீனா கல்யாணத்துக்கு இவன் வருகிறானா என்று கேள்

கார்த்தி: வருவேன் சித்தி. எத்தனை நாள் என்றுதான். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

திவ்யா: அவருக்குச் சிலந்தி என்றால் பயம்

ராஜி: மீன் தொட்டி அனுபவம் உள்ளவர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார்

சண்முகம்: ராஜி

செல்வம்: மதினி, அப்போது இரங்கலை அழித்துவிடவா?

கோமதி: அதை விடுங்கள், சாவி எங்கே என்று தேடுங்கள்