கச்சேரியில கையை மட்டும் படம் புடிக்கிறவங்க இருக்கீங்களா?

ரோஸ்ஹில் கேமரா:
நாலு வருஷமா கோயில் விழா, கச்சேரின்னு எங்க போனாலும் முகத்தை விட்டுட்டு வாசிக்கிறவங்க கையைத்தான் எடுத்துட்டு இருக்கேன். போன மாசம் ஒரு கச்சேரி, மிருதங்கக்காரருக்கு நேரா கீழ தரையில உக்காந்திருந்தேன், 85 எம்எம் லென்ஸ். ஷட்டர் சத்தம் தொந்தரவா இருக்குமேன்னு சைலண்ட் மோட்ல போட்டு, ஷட்டர் வேகம் 1/500 செகண்ட்ல வச்சு எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பாத்தா எல்லா படத்துலயும் கை மேல குறுக்கால கறுப்புப் பட்டை பட்டையா இருக்கு. மேடையில எல்இடி லைட். நம்ம மொரிஷியஸ் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சில எல்இடி செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா சைலண்ட் ஷட்டர் வரி வரியா படிக்கிறதால அது பட்டையா விழுந்துடுது. 1/100-ல வச்சா பட்டை போயிடும், விரல் புகை மாதிரி ஆயிடும். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல அவர் இடது கை தொப்பி மேல, அதான் மிருதங்கத்தோட இடது பக்கத்து மேல, வழுக்கிட்டுப் போனதை அவ்வளவு பக்கத்துல பாத்தேன், அதுல ஒண்ணுகூட தேறல, அழுகையே வந்துடுச்சு. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

தொப்பிக்கை:
அண்ணே, நான் மோகாவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல மிருதங்கம் கத்துக்கிறேன். எங்களுக்கு ஷட்டர் சத்தம் எல்லா நேரமும் தொந்தரவு இல்ல. கும்கி குடுக்கும்போது மணிக்கட்டை அழுத்தி தொப்பியை இழுப்போம், சபையே அமைதியா இருக்கும், அப்போ டிக்குன்னு கேட்டா அந்த நாதமே செத்துடும், அப்போ மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். கோர்வை, அதான் முடிக்கிற சொற்கட்டு, வந்துடுச்சுன்னா ரெண்டு பக்கமும் வெளுத்து வாங்குவோம், சாதா ஷட்டர்லயே எடுங்க, யாருக்கும் கேக்காது. பெரும்பாலும் அது மூணு தடவை வரும். முதல் தடவை தாளம் போட்டு கேளுங்க, ரெண்டாவதுல கை எங்க தூக்குதுன்னு பாருங்க, மூணாவதுல எடுங்க. அடி விழுற நேரத்தை விட அதுக்கு முன்னாடி கை மேல நிக்குதே, அந்த அரை நொடியிலதான் எல்லாம் இருக்கு. இன்னொண்ணு, கச்சேரிக்கு முன்னாடி தொப்பியில ரவை பிசைஞ்சு அப்புவோம், அந்தக் கையை யாருமே எடுக்கிறதில்ல.

கடலோரம்:
எங்க வீட்ல கிரியோல்தான், தமிழ் ஸ்கூல்ல படிச்சேன், தப்பு இருந்தா மன்னிக்கணும். நான் எடுக்கிறது ரவான் மேளம் வாசிக்கிற கை, நம்ம சேகா ஆட்டம் பாட்டுக்கு வாசிக்கிறது, அந்த சேகா 2014-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது. ஆட்டுத்தோல், காத்து ஈரமானா தளர்ந்துடும், நெருப்புல காட்டி காட்டித்தான் வாசிப்பாங்க. ஒரு பெரியவர்கிட்ட கேட்டுட்டு ராத்திரி கடற்கரையில அந்த நெருப்பு வெளிச்சத்துலயே எடுத்தேன், 1/60, விரல் எல்லாம் கலங்கி மணிக்கட்டு மட்டும் தெளிவா நின்னுச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச படம். அவர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு, தன் கையைப் பாக்கவே இல்ல, "இதுக்கு முன்னாடியே சூடு காட்டியிருக்கணும், கை எவ்வளவு ஓங்குது பாரு, தோல் தளர்ந்துடுச்சு"ன்னாரு. படத்துல சத்தம் கேட்டிருக்கு அவருக்கு.

ரோஸ்ஹில் கேமரா:
தம்பி, கடலோரம், ரெண்டு பேருக்கும் நன்றி. காவடிக்கு தவில் வருது, பகல் வெளிச்சம், பட்டைத் தொல்லை இல்ல. தவில்காரர் வலது கை விரல்ல கூடு, அதான் உறை, மாட்டுறதுல இருந்தே எடுக்கப் போறேன். தம்பி, ரவை எத்தனை மணிக்கு அப்புவீங்க, அடுத்த கச்சேரிக்கு சீக்கிரமே வந்துடுறேன்.