இரண்டு டி. ஆர். மகாலிங்கம்: இணைப்பை எப்படிப் பிரிப்பது?

குடந்தைவாசி:
வணக்கம். விக்கிப்பீடியாவில் எழுத ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. புல்லாங்குழல் என். ரமணியைப் பற்றி மணல்தொட்டியில் (பயிற்சிப் பக்கத்தில்) ஒரு வரைவு எழுதி, குருவின் பெயர் டி. ஆர். மகாலிங்கம் என்று இணைப்பும் கொடுத்தேன். நேற்று இரவு அதை அழுத்திப் பார்த்தால் 'ஸ்ரீவள்ளி'யில் நடித்த பாடகர் மகாலிங்கம் வந்து நிற்கிறார்! எனக்கு மனசே சரியில்லை. ரமணியின் குருவான மகாலிங்கத்தை மாலி என்றுதான் சொல்வார்கள்; எங்கள் அப்பாவுக்குப் புல்லாங்குழல் என்றாலே அந்த மாலிதான். வானொலியில் அவர் வாசிப்பு வந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அந்த மனிதரை நானே வேறொருவராக மாற்றிவிட்டேனே. 'மாலி' என்று மட்டும் போட்டால் போதுமா? ஆனால் மாலி என்றொரு ஆப்பிரிக்க நாடும் இருக்கிறதே.

ஏட்டுச்சுவடி:
வருத்தப்படாதீர்கள், இந்தப் பெயரில் நானும் ஒருமுறை தடுமாறியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே காலத்தவர்கள், இரண்டு பேரும் இசைக்காரர்கள். அதனால் 'இசைக்கலைஞர்' என்று தலைப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டாலும் குழப்பம் தீராது. ஒருவருக்குப் 'புல்லாங்குழல் கலைஞர்', மற்றவருக்கு 'நடிகர்' என்று போடுங்கள். இரண்டு பக்கத்தின் தலையிலும், மற்றவரைத் தேடி வந்தவருக்கு ஒரு வரி வழி சொல்லுங்கள்.

எனக்கு இதில் பெரிய ஆதங்கமே முதலெழுத்துதான். நடிகரின் ஊர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரை. மாலி பிறந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, திருவிடைமருதூரில். தமிழில் எழுதியிருந்தால் ஒருவர் 'தெ.', இன்னொருவர் 'தி.' என்று அப்போதே பிரிந்திருப்பார்கள். ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்ததில் இரண்டு ஊரும் ஒரே 'டி' ஆகிவிட்டன. ஊர்ப்பெயர் அழிந்த இடத்தில்தான் ஆள் மாறுகிறார். ஆகவே கட்டுரையின் முதல் வரியிலேயே ஊரை விரித்து எழுதுங்கள். ஆண்டையும் சேருங்கள்: மாலி 1926–1986, நடிகர் மறைந்தது 1978.

அப்புறம், 'மாலி' என்ற பெயரைப் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கத்தில் (ஒரே பெயருள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் பக்கத்தில்) ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். அந்தத் தலைப்பு நாட்டுக்கே இருக்கட்டும்.

மதுரைக்காரி:
படத்தையும் பாருங்கள். பெயரை வைத்துத் தேடிப் படம் சேர்ப்பவர்கள் முகத்தையும் மாற்றிவிடுகிறார்கள். சுப்புலட்சுமிகளிடமும் இதே கவனம் வேண்டும். கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பவளக்கொடி'யில் (1934) நடித்தவர் எஸ். டி. சுப்புலட்சுமி. அதே இயக்குநரின் 'சேவாசதனம்' (1938) படத்தில் அறிமுகமானவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 'சுப்பிரமணியம் படத்தில் சுப்புலட்சுமி' என்று ஒரு பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு இணைப்புக் கொடுத்தால் கதை முடிந்தது. எந்த ஆண்டு என்று பார்க்காமல் நான் இணைப்பே கொடுப்பதில்லை.

வடலி:
எங்கட இலங்கைப் பக்கம் இன்னொரு மாதிரி. பொன்னம்பலம் இராமநாதன் என்றால் பொன்னம்பலம் தகப்பன் பெயர். ஜி. ஜி. பொன்னம்பலம் என்றால் அது அவரது சொந்தப் பெயர். 1944இல் தமிழ்க் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர் அவர். மகன் குமார் பொன்னம்பலத்தின் முழுப்பெயரிலும் அதே ஜி. ஜி. வருகுது. ஆகவே 2000இல் கொல்லப்பட்டவர் மகன், 1977இல் காலமானவர் தகப்பன் என்று ஆண்டோடு எழுதுங்கோ. 'இராமநாதன்', 'ராமநாதன்' எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும்படி வழிமாற்றுப் போட மறக்க வேண்டாம்.

குடந்தைவாசி:
எல்லோருக்கும் நன்றி. வரைவில் குருவின் பெயரைத் 'திருவிடைமருதூர் மகாலிங்கம் (மாலி)' என்று விரித்துவிட்டேன், இணைப்பும் இப்போது சரியான ஆளிடம் போகிறது. நான் முன்பு எழுதிய வேறு மூன்று கட்டுரைகளிலும் 'டி. ஆர். மகாலிங்கம்' வருகிறது. ஒன்றில் இரண்டு பேரும் வருகிறார்கள்! இன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.