புது டிராக்டர்: பேசிய விலை ஒன்று, பில்லில் வேறு. முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

நீடாமங்கலம் விவசாயி:
வணக்கம். சொந்த நிலம் நான்கு ஏக்கர், குத்தகை ஆறு. குறுவைச் சேற்றுழவுக்காக 45 எச்.பி. டிராக்டர் ஒன்று பேசினோம். "எல்லாம் சேர்த்து 7,90,000" என்றார்கள், நம்பி 25,000 முன்பணம் கட்டினேன். நேற்று டெலிவரி எடுக்கப் போனால் 8,61,000! டாப்பு (மேற்கூரை), பம்பர், ஹூக் என்று 32,000, வண்டியைக் கையாளும் ஹேண்ட்லிங் செலவு 9,000, இன்சூரன்ஸும் ஆர்.டி.ஓ. செலவும் 30,000. இதெல்லாம் கட்டாயமாம். வேண்டாம் என்றால் முன்பணம் வராதாம். கல்லணை திறந்தாகிவிட்டது, நாற்றும் தயார். அவசரம் தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்கள். அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை. என்ன செய்யலாம்?

ஷோரூமில் கணக்கு எழுதியவன்:
தம்பி, பணம் இனி ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வரி வரியாக விலை எழுதிய கொட்டேஷனை முத்திரையோடு கேளுங்கள். 22.09.2025 முதல் டிராக்டருக்கும், அதன் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, அந்த வரியைப் பாருங்கள். ஆர்.டி.ஓ. கட்டணத்துக்கு அரசு ரசீது உண்டு, அதில் இருக்கும் தொகை மட்டும்தான் உங்கள் செலவு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி வேண்டும், ஆனால் எந்த கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஹேண்ட்லிங் என்று அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது.

மன்னார்குடி அண்ணன்:
டாப்பு தேவைதான், வெயிலில் ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால் அதை வெளியே பட்டறையில் செய்துகொள்ளலாம். சரி, கடன் யார் தருகிறார்கள்? வட்டி எப்படிச் சொன்னார்கள்?

நீடாமங்கலம் விவசாயி:
அவர்கள் காட்டும் பைனான்ஸில்தான் எடுக்க வேண்டுமாம், அண்ணே. 5 லட்சம், 8 சதவீதம், ஐந்து வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை 70,000.

மன்னார்குடி அண்ணன்:
அது பிளாட் வட்டி. பத்து தவணையில் 7 லட்சம் கட்டுகிறீர்கள். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடுவதால், உண்மையில் ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வட்டி, செலவு எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். கடன் கொடுப்பவர்கள் அதைத் தர வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில். கூட்டுறவு வங்கியிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் மாமா இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு இரண்டு சம்பா போகம் கஷ்டப்பட்டார்.

திருவாரூர் வாசகர்:
முன்பண ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். திரும்பத் தர மாட்டோம் என்று அங்கே இல்லையென்றால் உங்கள் பிடி பலமாக இருக்கும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டாயமாக விற்பதையும் 2019 சட்டத்தில் புகாராக எடுக்கலாம்.

நீடாமங்கலம் விவசாயி:
சில நாள் பக்கத்து வயலுக்கு வாடகைக்கும் ஓட்டுவேன். அப்போதும் நுகர்வோர்தானா?

திருவாரூர் வாசகர்:
சுயதொழிலாகச் சொந்தப் பிழைப்புக்கு வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. தயங்காதீர்கள். அப்புறம், ரோட்டவேட்டரை அவசரப்பட்டு சேர்த்து வாங்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியத்துக்கு முதலில் விண்ணப்பம், பிறகுதான் வாங்குவது. சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை உண்டு, உச்சவரம்போடு.

நீடாமங்கலம் விவசாயி:
எல்லோருக்கும் நன்றி. இன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் எழுத்தில் கேட்டேன். ஹேண்ட்லிங்கை நீக்கிவிட்டார்கள், டாப்பும் பம்பரும் விருப்பம் என்றால் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் திருவாரூரில் நானே எடுக்கிறேன். கடனுக்கு நாளை கூட்டுறவு வங்கி. ஆர்.டி.ஓ. ரசீது கைக்கு வந்ததும் தொகையை இங்கே போடுகிறேன்.