சிறைத்துறை வேலைக்குப் படித்தவர்களே, மறக்காத சந்திப்பு எது?

செக்காலை ரோடு:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) களப்பணி. காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பு திறந்தவெளிச் சிறைக்கு வகுப்போடு போனோம். தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், புழல் மாதிரி நினைத்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். விவசாயம்தான் அங்கே வேலை. நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுத்த தண்டனைக் கைதிகள்.

கத்திரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் படிவத்தை நீட்டி, "குற்றத்துக்கான காரணம்?" என்று ஆரம்பித்தேன். மண்வெட்டியை நிறுத்தவே இல்லை.

"அது கேஸ் கட்டுல இருக்கும்மா. நான் தேவகோட்டைப் பக்கம். எங்க கண்மாய் பெருகிருச்சான்னு மட்டும் சொல்லு."

நான் டவுனில் வளர்ந்தவள், எனக்கு எந்தக் கண்மாய் தெரியும்? அதற்குள் சார் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெரியவர் முகம் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கோவிலூர்க்காரன்:
நான் படிப்பு வழியாக வந்தவன் இல்லை, இரண்டாம் நிலைச் சிறைக் காவலர். போலீஸ், தீயணைப்பு, எங்களுக்கு எல்லாம் ஒரே தேர்வுதானே. பயிற்சியில் கவாத்து, சட்டம், துப்பாக்கி எல்லாம் முடித்து, மனு பார்க்கும் இடத்தில், அதாவது கைதிகளை வீட்டார் வந்து சந்திக்கிற இடத்தில் டூட்டி. ஒரு ஆச்சி மகனுக்கென்று சீப்புச் சீடை கொண்டுவந்திருந்தார். வீட்டுப் பலகாரம் உள்ளே போகாது என்றேன். தூக்குவாளியை என் கையில் திணித்து, "சரி அப்பு, நீயாச்சும் தின்னு" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் கையையே பார்த்தார்கள்.

கண்டனூர் வாசி:
செக்காலை, படிவத்தை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விட வழிசெய்கிற 1958 நன்னடத்தைச் சட்டத்தில் நீதிபதி கேட்கும் அறிக்கையை நன்னடத்தை அலுவலர் எப்படி எழுதுவார்? குடும்பம், தொழில், ஊர் நிலவரம் எல்லாம் விசாரித்துத்தான். கண்மாயும் அதில் அடக்கம், எழுதிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அப்புறம், படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. குற்றவியல் எம்.ஏ. இருந்தால்தான் சிறைத்துறை என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். உதவி ஜெயிலர் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது, ஏதாவது ஒரு பட்டம் போதும். பாடத்தின் மேல் ஆசை என்றால் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலூர் அகாடமிக்கு அட்மிஷன் கேட்டு போன் போடாதீர்கள். 1979 முதல் அது பணியில் இருக்கும் தென்மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம், கல்லூரி இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு அவர்களே அனுப்புவார்கள்.

என் அனுபவமா? படிக்கும்போது ஒரு கிளைச் சிறைக்குப் போனேன். கடிதத்தில் சீல் இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

செக்காலை ரோடு:
அண்ணே, நான் எங்கே இளக்காரம் பேசினேன்? அந்தப் படிவத்துக்கு மார்க்கே வாங்கியிருக்கிறேன்.

கோவிலூர்க்காரன்:
கண்டனூர் அண்ணே, பட்டம் போதும் என்றீர்கள், உடல்தகுதியை விட்டுவிட்டீர்களே. உயரமும் மார்பளவும் அறிவிப்பிலேயே இருக்கும், பார்த்துவிட்டுக் கோச்சிங்குக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள். என்னோடு படித்த பையன் எழுத்துத் தேர்வில் பாஸாகி, அளவெடுக்கிற இடத்தில் வெளியே வந்தான்.