பாலப் பராமரிப்பில் ‘நிலைகாப்பு ஒப்பந்தம்’: ஒரு சொல் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

பாலங்களைப் பேணும் பொறுப்பைத் தனியார் நிறுவனங்களிடம் பல ஆண்டுகளுக்கு விட்டு, பாலம் இருக்கும் நிலையைப் பொறுத்துப் பணம் தரும் முறையைச் ‘செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம்’ என்று எழுதி வருகிறோம். இதற்கு ‘நிலைகாப்பு ஒப்பந்தம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். செயல்திறன் என்றதும் படிப்பவர் மனம் ஒப்பந்தக்காரரின் திறமைக்குப் போகிறது. இம்முறையில் அளக்கப்படுவதோ பாலத்தின் நிலை.

வழக்கமான முறையில் செய்த வேலைக்குப் பணம். எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை மீட்டர் கைப்பிடிச் சுவர் என்று எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுகளை எழுதும் பதிவேட்டில், பதிந்த பிறகே பில் பாஸாகும். நிலைகாப்பு முறையில், தளத்தில் மழைநீர் தேங்கக் கூடாது, எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டில் (வெப்பத்தால் பாலம் நீளவும் சுருங்கவும் தளத்தில் விடும் இடைவெளி) மண் அடைந்திருக்கக் கூடாது என்று நிலைகள் வரையறுக்கப்படுகின்றன. அவற்றை எப்படி எட்டுவது என்பது நிறுவனத்தின் பொறுப்பு.

வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை அந்த ஜாயிண்டிலேயே பார்க்கலாம். அதன் ரப்பர் கிழிந்தால் மழைநீர் தூணின் உச்சியில் சொட்டும். அங்கே மண் படிந்து ஈரம் தங்க, உத்திரத்தைத் தாங்கும் பேரிங் துருப்பிடித்து இறுகும். வெயிலில் நீளும் உத்திரம் நகர இடமில்லாமல் தூணை நெருக்க, விரிசல் விழும். செய்த வேலைக்குப் பணம் என்றால், ரப்பரை உடனே மாற்றுவதில் எவருக்கும் ஆதாயமில்லை. விரிசல் வந்தபின் செய்யும் பெரிய வேலைக்கே பெரிய பில். நிலைக்குப் பணம் என்றால், ரப்பரைக் காலத்தில் மாற்றுவதே நிறுவனத்துக்கு லாபம்.

‘விளைவுசார் ஒப்பந்தம்’ எனலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. இங்கே வேண்டுவது புதிய விளைவு எதுவுமன்று, இருக்கும் நிலை கெடாதிருப்பதே. ‘சேவைத்தர ஒப்பந்தம்’ என்பது கணினி, தொலைபேசித் துறைகளில் வேறொன்றைக் குறிக்கப் புழங்குகிறது.

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை இம்முறையைப் பொள்ளாச்சிக் கோட்டத்துச் சாலைகளில் ஐந்தாண்டு ஒப்பந்தமாகத் தொடங்கியது. வாஷிங்டன் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் இருந்தன. ஆனால் ஐந்தாண்டு என்பது சாலைக்குப் பொருந்தும் அளவுக்குப் பாலத்துக்குப் பொருந்தாது. சாலைக் குழி மறுநாளே கண்ணில் படும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து மேலுள்ள கான்கிரீட்டைப் பிளக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டு போயிருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 558 சிறு பாலங்களைப் புதிதாகக் கட்டும் பணியைத் தனியாரிடம் தந்தபோது, கட்டியவரே 25 ஆண்டுகள் பேண வேண்டும் என்று சேர்த்தே எழுதினார்கள். ஆகவே ஒப்பந்தம் முடியும் நாளில் பாலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். ‘ஒப்படைப்பு நிலை’ எனலாம்.

மூன்றாவது சொல்லைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நிலையை அளப்பவர் யார்? இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தனர். அங்கே இருந்தது சுங்கம் வசூலித்துச் சாலையை நடத்தும் உரிமை ஒப்பந்தம், நாம் பேசும் வகையன்று. ஆயினும் பாடம் நமக்கும் உரியது. அப்பாலத்தின் எஃகு வடங்கள் கான்கிரீட் உறைக்குள் இருந்ததால் அவற்றின் தேய்மானம் வெளியிலிருந்து தெரியாது. ஒரு கோபுரத்தின் வடங்களை 1990களின் தொடக்கத்திலேயே வலுப்படுத்தியிருந்தார்கள். விழுந்தது வேறொரு கோபுரம். பாலத்தை ஆய்வு செய்து வந்ததோ, சாலையை நடத்திய நிறுவனத்தின் அதே குழுமத்தைச் சேர்ந்த மற்றொரு நிறுவனம். பணம் பெறுபவரே தாம் பேணும் பாலத்தின் நிலைக்கு மதிப்பெண் இடும் ஏற்பாட்டை நிலைகாப்பு என்று அழைக்க இயலாது. அதனால், அரசு தனியே அமர்த்தும் ஆய்வாளரைச் ‘சார்பிலா ஆய்வர்’ என்று குறித்து, இச்சொல்லையும் வரையறைக்குள்ளேயே சேர்க்க வேண்டுகிறேன்.

நிலை தவறும்போது குறைக்கப்படும் தொகைக்குக் ‘கழிவு’ என்பதைவிடப் ‘பிடித்தம்’ மேல். சம்பளப் பட்டியலில் எல்லோரும் அறிந்த சொல், தள்ளுபடி என்ற பொருளும் அதில் வராது. மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டுத் தொடருடன் எழுதுங்கள்.