சைக்ளோன் டெய்லர் பத்தி யாருக்காவது தெரியுமா?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி. ஐஸ் ஹாக்கில காசு வாங்கி ஆடுன முதல் தலைமுறை ஆட்களைப் பத்தி எழுதிட்டு இருக்கேன், அதுல சைக்ளோன் டெய்லர் கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன். கனடாவோட ஒன்டாரியோக்காரர், 1906ல அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் ஹௌட்டன் ஊர் டீமுக்குப் போய் ஆடி, அப்புறம் ஒட்டாவா, அங்க 1909ல ஸ்டான்லி கப் (ஐஸ் ஹாக்கியோட பெரிய கோப்பை) ஜெயிச்சு, உடனே ரென்ஃப்ரூன்னு ஒரு குட்டி ஊர்க்காரங்க ரெண்டு மாச சீசனுக்கு 5250 டாலர்னு சொல்லி தூக்கிட்டாங்க (அந்தக் காலத்துல அது எவ்ளோ பெரிய காசு!), கடைசில வான்கூவர், 1915ல அங்கயும் கப்.

எனக்கு ஆச்சரியமே வேற, மனுஷன் இவ்ளோ ஆடிட்டும் குடிவரவுத் துறை வேலையை விடல. 1914ல கோமகட்டா மாரு கப்பல் (இந்தியாவுல இருந்து குடியேற வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை இறங்க விடாம கனடா திருப்பி அனுப்புன கப்பல்) வான்கூவர் வந்தப்ப அதுல ஏறுன அதிகாரிகள்ல இவரும் ஒருத்தர். இதை ஹாக்கி ஆளுங்க பெருசா பேசுறதே இல்ல.

ரெண்டு விஷயம் வேணும். அந்தக் கால வான்கூவர் பேப்பரெல்லாம் ஆன்லைன்ல ஃப்ரீயா எங்க படிக்கலாம்? அப்புறம் அப்போ ஒரு டீமுக்கு ஏழு பேர், ஏழாவது ஆள் 'ரோவர்', தனி இடம் கிடையாது, முன்னாடி பின்னாடி எங்க வேணா போலாம், இதுக்குத் தமிழ்ல நல்லா ஒரு வார்த்தை சொல்லுங்களேன். 'நாடோடி'ன்னு போட்டேன், தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான்.